சூனியக்காரியின் மேல் போட்ட பழி



2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ‘47 ரோனின்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தை உங்களில் சிலர், அல்லது உங்கள் பிள்ளைகள், பார்த்திருக்கக்கூடும். ரோனின் என்றால் தலைவனை இழந்த சாமுராய் வீரன். 17 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு எடுக்கப்பட்ட இப்படம் போட்ட பணத்தைக்கூட ஈட்டவில்லை. வாள்வீச்சு, மாயக்காடு, நாகமாய் உருமாறும் சூனியக்காரி என்று யாவும் இருந்தும் நெஞ்சில் எதுவும் தங்குவதில்லை.

காரணத்தை அறிய மெய்யான வரலாற்றுக்குச் செல்லுங்கள். 1701இல், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், ஷோகனின் கோட்டைக்குள் அசானோ என்ற பிரபு வாளை உருவி, அரண்மனைச் சடங்குகளுக்குப் பொறுப்பாயிருந்த கிரா என்ற முதியவரை வெட்டினான். அங்கே வாளை உருவுவதே பெருங்குற்றம். அன்றைக்கே தன் வயிற்றைக் கிழித்து மாளும்படி அவனுக்குத் தீர்ப்பாயிற்று, நிலமும் பறிபோயிற்று. கிராவோ காயத்தோடு பிழைத்தார். அவர்களுக்குள் என்ன பகை என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிக்கிறார்கள்.

கவனியுங்கள்: கிரா அசானோவைக் கொல்லவில்லை. கொன்றது ஷோகனின் தீர்ப்பு. அத்தீர்ப்பை வரவழைத்தது அசானோவின் சொந்தக் கோபம். அப்படியானால் அவனுடைய வீரர்கள் யாரிடம் பழிதீர்க்கப் புறப்பட்டார்கள்? இந்த நெருடலே அக்கதையின் உயிர்.

படம் இதைத் துடைத்துவிடுகிறது. சூனியக்காரி அசானோவின் கண்களை மயக்குகிறாள். கிரா தன் மகளைக் கெடுப்பதாகக் கண்டு அவன் பாய்கிறான். அவன்மேல் குற்றமே இல்லை! அறுபது வயதைத் தொட்ட கிராவும் கட்டுடல் கொண்ட கொடியவனாகிவிடுகிறான். நம் பகைவனை நாமும் மனதுக்குள் இப்படித்தானே வரைந்துகொள்கிறோம்? போதாததற்கு, வரலாற்றில் இல்லாத ஒரு கலப்பினப் பாத்திரத்தைக் கியானு ரீவ்ஸுக்காகப் புகுத்தியிருக்கிறார்கள். வீரர்களின் தலைவரான ஓயிஷியாக நடித்த ஹிரோயுகி சனாடாவின் முகத்தில் மாத்திரம் பழைய கதையின் பாரம் தெரிகிறது.

மெய்யான ஓயிஷி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். ஒற்றர்களை ஏமாற்றக் கியோட்டோ நகரில் குடிகாரனைப்போல் திரிந்தார். தண்டனை தொடராதபடி மனைவியை விலக்கி, அவளுடைய தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மூத்த மகன் சிகாராவை மாத்திரம் தம்முடன் வைத்துக்கொண்டார். 1703 ஜனவரியில் ஒரு பனிக்கால இரவில் மாளிகைக்குள் புகுந்து, ஒளிந்திருந்த கிராவைக் கண்டுபிடித்துத் தலையை வெட்டி, செங்காகுஜி என்னும் புத்த மடாலயத்தில் தம் தலைவனின் கல்லறைமுன் வைத்தார்கள். விசுவாசம் என்று போற்றுவதா, கொலை என்று தண்டிப்பதா என்று அறிஞர்கள் வாதாடினார்கள். முடிவில் 46 பேரும் தங்கள் கையாலேயே மாளவேண்டும் என்று கட்டளை பிறந்தது.

படத்தின் கடைசியில் ஷோகன் மனமிரங்கிச் சிகாராவைத் தப்புவிக்கிறான். வரலாற்றில் அப்படி ஒருவரும் இரங்கவில்லை. தகப்பனும் மகனும் வெவ்வேறு பிரபுக்களின் மாளிகைகளில் காவலில் வைக்கப்பட்டு, ஒரே நாளில் மாண்டார்கள். சிகாராவுக்கு அப்போது வயது ஏறக்குறைய 15. செங்காகுஜியில் இருவரின் கல்லறைகளும் இன்றும் இருக்கின்றன.