பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

பலெர்மோவில் எந்தக் கலைவிழாவுக்குப் போனாலும் சாப்பாட்டு வரிசையில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: "எங்கட பிள்ளையளும் பாடுதுகள், ஆடுதுகள். ஆனா ஊருலகம் அறிய ஒரு ஆள் வரேல்லையே." நான் இதுவரை பதில் சொல்லாமல் தட்டோடு நகர்ந்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன். வராததற்குக் காரணம் நாங்கள்தான்.

இதே நகரத்திலிருந்து ஒரு குழு வந்தது. பெயர் லா ராப்ரெசென்தாந்தே டி லிஸ்தா. டஸ்கனியிலிருந்து வந்த வெரோனிகா லுக்கேசியும் பலெர்மோக்காரரான டாரியோ மாஞ்ஜாராச்சீனாவும் நாடக வேலையில் சந்தித்து, 2011இல் தொடங்கிய குழு. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அந்த ஆண்டு ஜூனில் அணுமின் நிலையங்கள் பற்றிய பொதுவாக்கெடுப்பு நடந்தது. இத்தாலியில் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே போய்த்தான் வாக்களிக்க வேண்டும். ஆனால் வாக்குச்சாவடியில் ஒரு தரப்பின் பிரதிநிதியாக உட்காருபவர் அந்தச் சாவடியிலேயே வாக்களிக்கலாம். வெரோனிகா அப்படித் தன்னைப் பதிந்துகொண்டார். "பட்டியலின் பிரதிநிதி" என்ற அந்த வரட்டு அலுவலகச் சொல்லே குழுவின் பெயராகிவிட்டது.

அடுத்த ஆண்டுகளைக் கவனியுங்கள். முதல் இசைத்தட்டு 2014இல், பொலோஞ்ஞாவின் ஒரு சிறு நிறுவனத்தின் மூலம். இரண்டாவது 2015. மூன்றாவது 'கோ கோ திவா', 2018. தொடக்கத்தில் இரண்டு குரலும் எளிய வாத்தியங்களுமாக இருந்த இசை மெல்ல மெல்ல சிந்தசைசருக்கும் நடனத் தாளத்துக்கும் நகர்ந்தது. சோரெந்தீனோவின் 'தி நியூ போப்' தொடரில் அவர்களுடைய பாட்டு ஒன்று ஒலித்தது 2020இல். சான்ரேமோ விழாவில் போட்டியாளர்களாக நின்றது 2021இல். கிடைத்தது 11ஆம் இடம். மறு ஆண்டு 'சாவ் சாவ்' பாட்டுக்கு 7ஆம் இடம். அதன்பிறகுதான் இத்தாலி முழுவதும் அந்தப் பாட்டுக்கு ஆடியது.

பத்து ஆண்டுகள். எங்கள் கணக்கில் இது பத்து ஆண்டுத் தோல்வி. எங்கள் பிள்ளை ஒன்று இப்படி இருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே மாமாமார் கூடி அறிவுரை சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பத்து ஆண்டுகளைத் தாங்குவதற்கு ஒரு நகரம் வேண்டும். கால்சாவில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 1943 குண்டுவீச்சில் இடிந்ததைப் பல பத்தாண்டுகள் அப்படியே விட்டிருந்த பகுதி அது. மாஜோனே சதுக்கம் இன்றும் பாதி வெட்டவெளி. கூரையில்லாத ஸ்பாசிமோ தேவாலயத்தை 1995இல் திறந்து கச்சேரிக்குக் கொடுத்தார்கள். மூடிக்கிடந்த கரிபால்டி அரங்கை 2012 ஏப்ரலில் கலைஞர்களே உள்ளே புகுந்து திறந்தார்கள். இடிபாடுகளுக்குள் யாரோ ஒருவர் மோசமாக வாசித்துக்கொண்டிருக்க இடம் இருந்தது.

இனி எங்கள் பக்கம். சில ஆண்டுகளுக்கு முன் மூன்று பிள்ளைகள், பதினேழு பதினெட்டு வயது, பழைய சிந்தசைசர் ஒன்றோடு ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவிடம் வந்தார்கள். ஞாயிறு மாலை இரண்டு மணிநேரம் மண்டபம் வேண்டும் என்றார்கள். என்ன பாட்டு என்று கேட்டோம். சொந்தப் பாட்டு. என்ன மொழி? தமிழ், இத்தாலியன், இடைக்கிடை சிசிலியன். "தம்பி, தாளமும் மெசினோ? இது எங்கட கலாசாரத்துக்கு ஒத்துவருமோ?" என்றார் ஒரு பெரியவர். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுப்பதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். மின்சாரச் செலவு என்று ஒரு காரணமும் எழுதிவைத்தோம்.

மெசின் எங்கள் கலாசாரம் இல்லையாம். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியை வைத்து இசை செய்தார். அந்தப் பாட்டுகளைக் கசெட் தேயத் தேயக் கேட்டவர்கள்தான் அந்தக் குழுவில் இருந்தோம். ஈழத்துத் தகப்பனின் இயக்கப் பெயரையே தலைப்பாக்கி 2005இல் மாயா அருள்பிரகாசம் 'அருளர்' வெளியிட்டார். அதன் தொடக்கம் ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரு பெட்டி. எங்கள் கலைவிழாவில் பிள்ளைகள் பாடுவதே பதிவுசெய்த 'ட்ராக்'குக்கு மேல்தான். மெசினை எங்களுக்குப் பிடிக்கும், அதில் பிள்ளையின் சொந்தச் சொல் மட்டும் இல்லாதவரை.

இதற்கு ஒரு நியாயமான மறுமொழி உண்டு. வீடு துடைத்தும் முதியவர்களைப் பராமரித்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய் தகப்பனிடம், கணினித் துறையில் மாதச் சம்பளம் வாங்கும் நான் 'பத்து வருடம் பொறுங்கள்' என்று சொல்வது எளிது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்பது பத்து வருடச் சம்பளத்தை அல்ல. ஒரு அரங்கேற்றத்துக்கு மண்டபம், நட்டுவனார், வெளியூர்ப் பக்கவாத்தியம், உடை, வீடியோ என்று ஒரே மாலையில் கரையும் காசு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகள் கேட்டது ஒரு அறை. யாரும் கைதட்ட வராத ஒரு அறை.

இந்த ஊர்க்காரர்களும் எங்களை ஒரே படத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள். பெல்லக்ரீனோ மலையில் சாந்தா ரோசாலியாவிடம் நடந்து போகும் பக்தியான தமிழர். அதற்கு அப்பால் எழுத ஒருவருக்கும் தோன்றுவதில்லை. சட்டமும் அப்படியே. 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை தொடர்ந்து இங்கேயே வாழ்ந்திருந்தால், 18 வயதானபின் ஓராண்டுக்குள் குடியுரிமை கேட்கலாம். பெரியவர்கள் விண்ணப்பிக்கப் பத்து ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்பதை ஐந்தாகக் குறைக்கும் வாக்கெடுப்பு 2025 ஜூன் 8, 9ஆம் தேதிகளில் நடந்தது. வாக்களிக்க வந்தவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம். பாதிப்பேர் வராததால் செல்லாமல் போனது. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர், தங்களைப் பற்றிய கேள்விக்கு மற்றவர்கள் பதில் சொல்கிறார்களா என்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெரோனிகாவுக்குத் தூர ஊரிலாவது ஒரு வாக்கு இருந்தது. அதைச் சுற்றிவளைத்துப் போட்ட கதை ஒரு குழுவுக்குப் பெயரானது. வாக்கே இல்லாத பிள்ளைகளிடம் எத்தனை பெயர்கள் இருக்கும்? நாட்டின் பட்டியலில் இல்லாதவர்களை எங்கள் மண்டபத்தின் பட்டியலிலும் சேர்க்காமல் விட்டோம்.

அந்த மூவரும் இப்போது வாசிப்பதில்லை. ஒருவன் வடக்கே கணக்காளனாக இருக்கிறான். சந்தித்தபோது "என்ன அண்ணை, சுகமோ?" என்று மரியாதையாகத்தான் பேசினான். சிந்தசைசரை விற்றுவிட்டானாம்.

மண்டபம் ஞாயிறு மாலைகளில் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. சாவி செயலாளரிடம். அடுத்த பொதுக்கூட்டத்தில் அதைக் கேட்கப்போகிறேன். மின்சாரச் செலவு என்று மறுபடி எழுதினால் அந்தக் கட்டணத்தை நான் கட்டுகிறேன்.