பறித்த இலை சாட்சி சொல்லாது

வீட்டுத் தோட்டத்தில் கத்தரி இலை சல்லடையாகிறது. மிளகாய்க் கொழுந்து சுருள்கிறது. தக்காளி இலை மஞ்சளிக்கிறது. உடனே பலரும் அந்த இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குச் செல்கின்றனர். கடைக்காரர் இலையை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு புட்டியை எடுத்து வைக்கிறார். மாலையில் தெளிப்பு நடந்துவிடுகிறது. நோய் இன்னதென்று அறியும் படிநிலை இந்த வரிசையில் எங்கும் இல்லை. இல்லாத அந்தப் படிநிலைக்கான விலையைச் செடியும், அதன் காயை உண்ணும் குடும்பமும் செலுத்துகின்றன.

மிளகாயையே சான்றாகக் கொள்ளலாம். ‘இலை சுருட்டை’ என்று ஒரே பெயரில் வழங்கும் பாதிப்புக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. இலையின் விளிம்புகள் மேல்நோக்கி மடிந்து படகுபோல் தோன்றினால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, இலைக்காம்பு நீண்டு காணப்பட்டால் சிலந்திப்பேன். புதிய இலைகள் சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாகி நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். வைரஸ் தாக்கிய செடிக்கு மருந்து கிடையாது. அதைப் பிடுங்கி அகற்றுவதே மற்றச் செடிகளைக் காக்கும் வழி. சிலந்திப்பேனோ எட்டுக் கால் உயிரி. பூச்சி இனமே ஆகாது. பூச்சிகளுக்கென்று அடிக்கப்படும் செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகள் அதை உண்டு வாழும் நன்மை செய்யும் உயிரிகளைக் கொன்று, அதன் பெருக்கத்துக்கே வழிவிடக் கூடும்.

இது மாடித் தோட்டத்தின் சிக்கல் மட்டுமன்று. 2021இல் தெலங்கானா, ஆந்திர மிளகாய் வயல்களில் த்ரிப்ஸ் பார்விஸ்பினஸ் என்னும் அயல்நாட்டு இலைப்பேன் இனம் பெருமளவில் பரவியது. வழக்கமான இலைப்பேன் இலைகளில் மிகுந்திருக்க, இது பூக்களுக்குள் கூட்டமாகத் தங்கியது. உழவர்கள் பலர் திரும்பத் திரும்பத் தெளித்தும் விளைச்சலைக் காக்க இயலவில்லை. எதிரி யார், எங்கே இருக்கிறது என்ற கேள்வி பிந்தினால் தெளிப்பின் எண்ணிக்கை பயன் தராது.

தவறான அடையாளம் நண்பனையும் கொல்லும். கத்தரி இலையின் பச்சையத்தைச் சுரண்டி நரம்பு வலையை மட்டும் விட்டுவைப்பது எபிலாக்னா வண்டு. அசுவினியைத் தின்று செடியைக் காப்பது பொறிவண்டு. இரண்டும் ஒரே குடும்பத்தவை. இரண்டின் முதுகிலும் புள்ளிகள் உண்டு. எபிலாக்னாவின் உடல் மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும், பொறிவண்டு பளபளக்கும். பொறிவண்டின் புழுவோ சிறு முதலையைப் போன்ற தோற்றம் கொண்டது. அதைக் கண்டு அஞ்சி நசுக்குவோர், அசுவினிக்கு எதிரான காவலையே அகற்றிவிடுகின்றனர். துவரை, ரோஜா இலைகளின் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோன்ற அரைவட்டங்கள் தென்பட்டால், அது கூடு கட்ட இலை எடுத்துச் சென்ற தேனீ வகையின் வேலை. அங்கே தெளிப்பது மகரந்தம் சுமப்பவரை விரட்டுவதாகும்.

உயிரியே தொடர்பில்லாத பாதிப்புகளும் ஏராளம். அடி இலைகள் முதலில் சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவை ஐயுறலாம். கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் இலை நுனிகளைக் கருக்கும். உச்சி வெயிலில் அடித்த வேப்பெண்ணெய்க் கரைசலும் இலையைக் கருக்கும். அந்தக் கருகலை நோயின் வளர்ச்சி என்று கருதி மறுநாளும் தெளிப்போர் உண்டு.

பறித்த இலை இவற்றில் பலவற்றைச் சொல்லாது. அது அடியிலிருந்து வந்ததா, நுனியிலிருந்து வந்ததா? ஒரு செடி மட்டும் வாடியதா, ஒரே தண்ணீர் பெறும் எல்லாச் செடிகளுமா? சேதம் பகலில் நேர்ந்ததா, இரவிலா? கைவிளக்குடன் இரவில் ஒருமுறை சென்றால் நத்தையோ புழுவோ கையும் களவுமாக அகப்படும். நத்தை உலர்ந்த பளபளப்புக் கோட்டையும் விட்டுச் செல்லும். இலையின் அடிப்புறத்தைச் செடியிலேயே வைத்துப் பார்க்காதவர் பாதிச் சான்றை இழக்கிறார்.

சிறு தோட்டத்துக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கப்படலாம். சிறு தோட்டம் என்பதாலேயே அது தேவை. அங்கே இன்று தெளித்த கீரை நாளை வாணலிக்கு வருகிறது. மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய காத்திருப்பு நாள்களை எவரும் எண்ணுவதில்லை. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005இலேயே தடை விதிக்கப்பட்டதன் பொருள் வயலுக்கு மட்டும் உரியதன்று. நஞ்சில்லாக் காய்கறி வேண்டியே பலர் வீட்டில் பயிரிடத் தொடங்கினர். காரணம் அறியாத் தெளிப்பு அந்த நோக்கத்தையே தோற்கடிக்கிறது.

பழியை வீட்டாரின் மீது மட்டும் சுமத்துவதும் நேர்மையாகாது. மருந்து விற்பவரே நோயறிபவராகவும் இருக்கும்போது, ‘எதுவும் தெளிக்க வேண்டாம்’ என்ற விடை அரிதாகவே கிடைக்கும். 1974இல் புதுச்சேரியில் தொடங்கிய வேளாண் அறிவியல் நிலையங்கள் இன்று நாடெங்கும் 700க்கும் மேல் உள்ளன. அவற்றின் பணி பெரும்பாலும் வயல்களைச் சார்ந்தது. கேரளத்தில் கிருஷிபவன்கள் வழியாக விதைப் பொட்டலங்களும் வளர்ப்புப் பைகளும் வீடுகளுக்குச் சென்று சேர்கின்றன. அத்தகைய திட்டம் எங்கு நடந்தாலும், விதையுடன் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்சும், அந்தந்தப் பயிரின் பாதிப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு படத்தாளும் சேர்க்கப்பட வேண்டும். வாரத்தில் ஒருநாள், விற்பனையோடு தொடர்பற்ற ஒருவர் செடியைப் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு வட்டந்தோறும் அமைய வேண்டும். அதுவரை, இலையில் ஓட்டை கண்டவர் கடைக்குப் புறப்படுமுன் இரண்டு நாள் செடியருகே நின்று பார்ப்பது செலவில்லாத முதல் மருத்துவம்.