ராஜா வேஷம் போடுறீங்களா? ஒரு நிமிஷம்!

நம்ம கல்ச்சுரல்ஸில் வருஷா வருஷம் ஒரு ராஜா நாடகம் கண்டிப்பா இருக்கும். தெர்மாகோல் கிரீடம், ஒட்டு மீசை, வடிவேலு குரல். 2006-ல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யை இன்னும் எத்தனை பேட்ச் ஜெராக்ஸ் எடுக்கப் போறோம்? படம் எனக்கும் பிடிக்கும். ஆனா அது கற்பனை ராஜா. நிஜ இரண்டாம் புலிகேசி, 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் மேல் படையெடுத்து வந்த சாளுக்கிய மன்னர். அவரோட எதிரி முதலாம் மகேந்திரவர்மன். இந்த மகேந்திரவர்மன் தானே உட்கார்ந்து ஒரு காமெடி நாடகம் எழுதியிருக்கார் தெரியுமா?

பெயர் 'மத்தவிலாசப் பிரகசனம்'. சமஸ்கிருதம், ஒரே அங்கம். காஞ்சிபுரத் தெருவில் ஒரு காபாலிகனும் அவன் துணைவியும் ஃபுல் போதையில் திரியறாங்க. பிச்சை வாங்கற மண்டை ஓட்டைக் காணோம். அந்தப் பக்கம் போன புத்த பிக்குதான் திருடினார்னு சண்டை. கடைசியில் பார்த்தா, அதில் இருந்த கறிக்காக நாய் தூக்கிட்டுப் போயிருக்கு. ஒரு பித்தன் கையில் ஓடு கிடைக்குது.

இதுக்கு நடுவில் கோர்ட்டுக்குப் போகலாம்னு பேச்சு வரும். உடனே அந்தப் பெண், பிக்கு பணக்காரர், அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்துடுவார், நம்மால் முடியுமான்னு கேட்பாள். இதை எழுதினவர் யாரு? அந்தக் கோர்ட்டுக்கே ராஜா!

நம்ம கதைக்கு வாங்க. போன வருஷம் எங்க ஸ்கிரிப்ட்டில் மெஸ் பற்றிய ரெண்டு வசனத்தை வெட்டினாங்க. ஃபர்ஸ்ட் இயர் பையனோட இங்கிலீஷைக் கிண்டல் பண்ற சீன் மட்டும் அப்படியே மேடை ஏறியது. அரங்கமே சிரிச்சது. அந்தப் பையன்கள் எங்கே உட்கார்ந்திருந்தாங்கன்னு யாரும் திரும்பிப் பார்க்கலை. நம்ம பக்கத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையே நேருக்கு நேர் நக்கல் அடிப்பான். நமக்கு மட்டும் ஏன் கீழே இருக்கிறவன்தான் கிடைக்கிறான்?

இந்த ராஜா ஒண்ணும் தூரத்து ஆள் இல்லை. அவர் பாறையைக் குடைந்து கட்டின விஷ்ணு கோயில் மகேந்திரவாடியில் இருக்கு. இப்போ ராணிப்பேட்டை மாவட்டம். 2019 வரைக்கும் நாமும் அவங்களும் ஒரே வேலூர் மாவட்டம்.

என் யோசனை இது. ஓட்டுக்குப் பதிலா ஹால் டிக்கெட் தொலையட்டும். பழி ஹாஸ்டல் ரூம்மேட் மேல் விழட்டும். சீன் நடக்கிற இடம் ஆம்பூர் பாலாற்றங்கரை. 1996-லேயே தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்ன ஆறு அது. நம்மில் பாதிப் பேர் வீட்டு அடுப்பு தோல் கம்பெனி சம்பளத்தில்தான் எரியுது, அதனால் அந்த ஜோக்கை எழுதறது கஷ்டம்தான். அதுக்காகவே எழுதிப் பார்க்கணும்னு தோணுது.

ஸ்கிரிப்ட்டுக்கு ரெண்டு பேர் வேணும். நாய் வேஷத்துக்கு ஆள் ரெடி. பித்தன் ரோல் எனக்கு, ஃபைனல் இயர் கோட்டாவில்.