"அவன்" இல்லாவிட்டால் சமைக்க முடியாதா?

சிக்கன் பாட் பை எப்படிச் செய்வது என்று கேட்டால் நம்மாட்கள் எழுதும் முதல் வரி: "அவனை 200 டிகிரிக்குச் சூடாக்கவும்." அடுத்த வரியில் ப்ராக்கோலி, செலரி, தைம்! ஒத்தக்கடையில் இதைப் படிக்கிறவன் என்ன செய்வான்? பேசாமல் பரோட்டா கடைக்குக் கிளம்பிவிடுவான்.

இதில்தான் எனக்குக் கோபம். பாட் பை ஒன்றும் பணக்காரப் பண்டம் இல்லை நண்பர்களே. கொஞ்சம் கோழிக்கறி, அந்தந்தப் பருவத்துக் காய், மாவு சேர்த்த கெட்டிக் குழம்பு, மேலே மாவில் ஒரு மூடி. அவ்வளவுதான்! கறி கொஞ்சம், வாய் நிறைய என்கிற வீட்டுக் கணக்குக்குத் தோதான சாப்பாடு. நம் கறிக்குழம்பில் உருளைக்கிழங்கு விழுவதும் அதே கணக்கில்தானே?

அவர்கள் ஊரில் கேரட்டும் பட்டாணியும் சுலபமாகக் கிடைத்தன, போட்டார்கள். நமக்குத் தை மாதம் மொச்சை, அவரை. சித்திரையில் முருங்கைக்காய். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999ல் திறக்கப்பட்டதே நம்ம மதுரை அண்ணாநகரில்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு ஐஸ் பட்டாணி பாக்கெட்டைத் தேடி அலைந்துவிட்டு, அதற்கு "சீசனல் வெஜிடபிள்ஸ்" என்று பெயர் வேறு!

சரி, திட்டினால் மட்டும் போதாது. மூன்று பேருக்குக் கால் கிலோ எலும்பில்லாத கோழி. பொடியாக நறுக்கி, வெங்காயம், பூண்டு, மிளகுத்தூள், உப்போடு வதக்கி வேகவிடுங்கள். வேகவைத்த பச்சை மொச்சையைச் சேருங்கள். தனியாக 2 ஸ்பூன் வெண்ணெயில் 2 ஸ்பூன் மைதாவைச் சிறுதீயில் வறுத்து, ஒரு டம்ளர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, கெட்டியானதும் கறியில் கொட்டுங்கள். சப்பாத்தி மாவில் வெண்ணெய் பிசைந்து, தடிமனாகத் தேய்த்து, தோசைக்கல்லில் மொறுமொறுவெனச் சுட்டுக் கிண்ணத்தின் மேல் மூடுங்கள். முடிந்தது.

"அவனில் வைத்த மாதிரி வருமா?" வராது. அடுக்கடுக்காகப் பொரிய வேண்டுமென்றால் பேக்கரியில் பப்ஸ் இருக்கிறது. மாதம் ஒருமுறை சாப்பிடும் பண்டத்துக்காக ஆயிரக்கணக்கில் மூலதனம் போட்டால் மிஞ்சுவது தேய்மானம்தான். இது பி.காம் முதல் வருடப் பாடம்.

அம்மா செய்து தரட்டும் என்று டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறானே ஒருவன், அந்த "அவன்" சமையலறைக்கு வந்தால் போதும். கடையில் விற்கும் அவன் தேவையே இல்லை :-)