ஆறு நகர்த்தலை மனப்பாடம் செய்யவா சதுரங்கம்?



பதிவு கொஞ்சம் நீளம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவர்களும் இன்று முழுவதும் படித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம்.

குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு, நம் சொந்தத்திலும் என் பழைய மாணவர்கள் வீடுகளிலும் செஸ் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் போன் செய்கிற பெற்றோர் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சார், வெள்ளைக் காய் வந்தால் முதல் நகர்த்தல் எதுதான் பெஸ்ட்?" கேட்கிறவர்களில் பலர் அதற்கு முன்பே எங்கேயோ பணம் கட்டி, 'எதிரே யார் உட்கார்ந்தாலும் இதையே ஆடு, ஜெயிப்பாய்' என்கிற பாடம் ஒன்றைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கண்டித்துத்தான் இந்தப் பதிவு.

நான் செஸ் பயிற்சியாளர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து, சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு காலம் கழித்தவன். மழை வந்து விளையாட்டுப் பீரியடு கெட்டால் செஸ் பலகையை விரித்து வைப்பேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளை புரிந்து செய்கிறதா, ஒப்பிக்கிறதா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில் நேரான பதில். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு முதல் நகர்த்தல், ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது. இ4. ஒன்றிரண்டு வருடத்துக்கு அது போதும்.

"அப்படியானால் இ4-தான் உலகத்திலேயே சிறந்ததா?" என்று கேட்காதீர்கள். நான் அதைச் சொல்லவில்லை. யாராலும் சொல்ல முடியாது. வெள்ளைக்கு முதலில் 20 நகர்த்தல்கள் உண்டு. எட்டுச் சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம், அது 16. இரண்டு குதிரைகளுக்கும் இரண்டிரண்டு வழி, அது 4. இந்த இருபதில் எது சிறந்தது என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. கணினிகூட, பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் மிஞ்சிய நிலைகள் வரைதான் முழு விடை கண்டிருக்கிறது. ஆட்டம் தொடங்கும்போது இருப்பது 32 காய்கள்!

சிங்கப்பூரில் 2024-ல் குகேஷும் திங் லிரெனும் ஆடிய 14 ஆட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெற்றி தோல்வி கண்டவை ஐந்து. முதல் ஆட்டத்தில் குகேஷ் வெள்ளை, ஆடியது இ4. தோற்றார். மூன்றாவது ஆட்டத்தில் டி4, அதாவது ராணியின் சிப்பாய். ஜெயித்தார். பதினோராவதில் குதிரையை எஃப்3-க்கு எடுத்து ஜெயித்தார். பன்னிரண்டாவதில் திங் சி4 ஆடி ஜெயித்தார். கடைசி ஆட்டத்தில் திங்தான் வெள்ளை, அவர் எடுத்ததும் குதிரை எஃப்3. ஜெயித்தது கறுப்பில் ஆடிய குகேஷ்.

அந்தக் கடைசி ஆட்டம் எங்கே முடிவானது? 55-வது நகர்த்தலில் திங் தன் யானையை வைக்கக்கூடாத கட்டத்தில் வைத்தார். சமமாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டம் அந்த நொடியில் சாய்ந்தது. குகேஷ் அதைக் கண்டுகொண்டார். 55-வது நகர்த்தல் வரை கண் பலகையில் இருந்ததால் கண்டுகொண்டார். உங்கள் பிள்ளை குகேஷிடம் கற்க வேண்டிய பாடம் இதுதான். முதல் நகர்த்தலில் ஒன்றும் இல்லை.

ஆனந்த் பெரும்பாலும் இ4 ஆடியவர். 2008-ல் பான் நகரில் கிராம்னிக்கோடு உலகப் பட்டத்துக்கு மோதியபோது டி4-க்கு மாறி, எதிராளி தயாரித்து வந்ததைத் தடுமாற வைத்துப் பட்டத்தைத் தக்கவைத்தார். இ4-ஐ விட்டால் வேறில்லை என்றிருந்த பாபி ஃபிஷர், 1972-ல் ஸ்பாஸ்கியோடு ஆடிய ஆறாவது ஆட்டத்தில் சி4 எடுத்து எல்லோரையும் திகைக்க வைத்து ஜெயித்தார். பெரியவர்கள் எதிரே இருப்பவரைப் பார்த்து முதல் நகர்த்தலை மாற்றுகிறார்கள். நாமோ எதிரே யார் இருந்தாலும் மாறக்கூடாத ஒன்றைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

இப்போது அந்த 'எப்போதும் ஜெயிக்கும்' பாடத்துக்கு வருகிறேன். அதற்கு லண்டன் முறை என்று பெயர். டி4 ஆடு, மந்திரியை எஃப்4-க்குக் கொண்டு வா (பிஷப்பைத்தான் மந்திரி என்கிறேன்), பிறகு இ3, சி3, குதிரை, இன்னொரு மந்திரி. எதிராளி என்ன செய்தாலும் ஏறக்குறைய இதே வரிசை. முறை தப்பில்லை. திங் லிரெனே 2023-ல் உலகப் பட்ட ஆட்டத்தில் ஆடி ஜெயித்திருக்கிறார். அவர் ஆடலாம். ஆயிரம் நிலைகளைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. வேலை முடிந்து இரவில் போனில் ஆடுகிற பெரியவர்களும் ஆடலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை முதல் பாடமாக வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

என்ன ஆகிறது என்று சொல்கிறேன். என் பழைய மாணவர் ஒருவர் லீவுக்கு வந்தபோது மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளை அழைத்து வந்தார். ஆறு மாதம் பணம் கட்டிய வகுப்பு. பாப்பா டி4 ஆடினாள். நான் வேண்டுமென்றே என் ராஜாவின் சிப்பாயை இ5-ல் கொண்டுபோய் வைத்தேன். சும்மா கொடுத்த சிப்பாய், அவள் வெட்டிக்கொள்ளலாம். அவள் என் காயைப் பார்க்கவே இல்லை. அடுத்த நொடி மந்திரியை எஃப்4-ல் வைத்தாள். என் சிப்பாய் அதை வெட்டியது. பிள்ளை அழவில்லை, யோசிக்கவும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க ஆட வேண்டியதை ஆடல தாத்தா" என்றாள்.

அந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தி. தப்பு அவளுடையது இல்லை. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து யோசிக்கிறார் என்பதையே ஆறு மாதத்தில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்த பிள்ளை, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் "இது சிலபஸில் இல்லை" என்று சொல்லுமே, அதே கதை. பள்ளிக்கூடத்தில் நம்மைப் பிடித்த வியாதியை விளையாட்டுக்கும் கொண்டுபோய்விட்டோம்.

இ4 மட்டும் எப்படி வேறு? பலகையை எடுத்து வைத்துப் பாருங்கள். அந்த ஒரு சிப்பாய் நகர்ந்ததும் ராணிக்கு நாலு கட்டம், மந்திரிக்கு ஐந்து கட்டம் திறக்கிறது. கறுப்பும் இ5 ஆடினால், குதிரையை எஃப்3-ல் வைத்து அந்தச் சிப்பாயை மிரட்டலாம். கறுப்பு அதைக் காப்பாற்ற வேண்டும். தன் குதிரையை சி6-க்குக் கொண்டு வரும். பிறகு நம் மந்திரி சி4-க்கு வந்து எஃப்7 கட்டத்தைக் குறிவைக்கும். அங்கே காவலுக்கு ராஜா ஒருவர்தான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் குழந்தைக்குப் புரிகிற காரணம் இருக்கிறது. நான் மிரட்டுகிறேன், நீ காக்கிறாய். இரண்டு பேர் பேசிக்கொள்வது போல ஆட்டம் போகும். தோற்றாலும் எங்கே தோற்றோம் என்று தெரியும்.

டி4-க்கும் நியாயம் உண்டு. அந்தச் சிப்பாய்க்குப் பின்னால் ராணி காவல் நிற்கிறது. இ4-க்கு அந்தக் காவல் இல்லை. அதனால் டி4 ஆட்டங்கள் பெரும்பாலும் நிதானமாகப் போகும். அந்த நிதானத்தை ரசிக்க முதலில் சண்டை தெரிய வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையிடம் யாப்பிலக்கணத்தை நீட்டுவோமா?

இரண்டு ஆட்சேபம் வரும், தெரியும்.

"இ4 ஆடினால் நாலே நகர்த்தலில் செக்மேட் வைக்கிற குறுக்குவழியைத்தான் பிள்ளைகள் பிடித்துக்கொள்ளும்." பிடிக்கட்டுமே. அதில் இரண்டு தடவை தோற்ற பிள்ளை மூன்றாவது தடவை எஃப்7-ஐக் காக்கும். வைக்கப் பார்த்த பிள்ளையும், ராணியை அவசரப்பட்டு வெளியே எடுத்தால் குதிரைகள் துரத்தும் என்று பட்டுத் தெரிந்துகொள்ளும்.

"சிசிலியன், ஃபிரெஞ்ச், காரோ-கான் என்று கறுப்பு ஏதேதோ ஆடும். அத்தனையும் படிக்க வேண்டுமே?" வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் குடி முழுகாது. மூன்று விதி போதும்: நடுக்கட்டங்களைப் பிடி; குதிரை, மந்திரிகளை வெளியே எடு; காஸ்லிங் செய்து ராஜாவைப் பத்திரப்படுத்து. இவற்றோடு ஒவ்வொரு முறையும் "எதிராளி இதை ஏன் ஆடினான்?" என்று கேட்டுக்கொண்டால் உங்கள் பிள்ளை திணறாது. திணறினாலும் அது யோசிக்கிற திணறல். நல்லது.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை வகுப்பில் விடும்போது பயிற்சியாளரிடம் "எந்த ஓப்பனிங் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். "என் பிள்ளை தோற்ற ஆட்டத்தை அவளோடு உட்கார்ந்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பார்க்கிறவராக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு, கேட்ட பணத்தைக் கொடுங்கள். முதல் மாதத்திலேயே கோப்பை வாங்கித் தருவதாகச் சொல்கிறவராக இருந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து நீங்களே பலகையை விரியுங்கள்.

உங்களுக்கு ஆடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை காயை நகர்த்தியதும் "ஏன் கண்ணு அங்கே வெச்சே?" என்று மட்டும் கேளுங்கள். "சார் சொன்னாங்க" என்று பதில் வந்தால், காயைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு மறுபடி யோசிக்கச் சொல்லுங்கள்.

மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் கமெண்டில் தாராளமாக எழுதலாம். வகுப்பில் கேள்வி கேட்டவர்களை நான் என்றைக்கும் உட்கார வைத்ததில்லை.

அன்புடன்,
உங்கள் சார்