சிவப்புக் கோட்டைப் பாருங்கள்!



சுகாதாரப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்திய ஆசிரியர் நான். ஆனாலும், சென்ற மழைக்காலத்தில் ஒரு பெரிய தவறு செய்துவிட்டேன்.

நான்காம் வகுப்பு படிக்கும் என் பேரனுக்குச் சளி பிடித்தது. முன்பு தொண்டைப் புண்ணுக்கு வாங்கியதில் மீதமிருந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். சளி போகவில்லை. மறுநாள் வயிற்றுப்போக்கு வந்ததுதான் மிச்சம்! பையன் துவண்டு போனான். மருத்துவரிடம் ஓடினோம்.

"இது ஆன்டிபயாடிக். பாக்டீரியாவைத்தான் கொல்லும். சளி வைரஸால் வருவது, வைரஸை இது ஒன்றும் செய்யாது" என்றார் அவர்.

நம் குடலில் கோடி கோடியாக நல்ல பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை செரிமானத்துக்கு உதவும். கெட்ட கிருமிகளை வளர விடாது. ஆன்டிபயாடிக்குக்கு நல்லது, கெட்டது தெரியாது. களையோடு பயிரையும் பிடுங்குவதுபோல இரண்டையும் அழித்துவிடும். அதனால்தான் வயிறு கெடுகிறது.

மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்தினார். ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி கொடுக்கச் சொன்னார். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் பல உயிர்களைக் காத்தது இப்படிப்பட்ட கரைசலால்தான். பாக்கெட் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொடுக்கலாம். மலத்தில் ரத்தம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நாமாக வாங்கிப் போடக் கூடாது.

ஆன்டிபயாடிக் நமக்கு எதிரியல்ல. டைபாய்டு போன்ற நோய்களில் அது உயிர் காக்கும். மருத்துவர் கொடுத்தால், அவர் சொன்னபடி சாப்பிடுங்கள். அப்போது வயிறு கெட்டால், நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மாத்திரைகளின் அட்டையில், மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருக்கும். இதைப் பற்றி மத்திய அரசு 2016-ல் விழிப்புணர்வு இயக்கமே நடத்தியது. அன்று நான் அதைக் கவனிக்கவில்லை.

"இது என்ன மாத்திரை தாத்தா? டாக்டர் கொடுத்ததா?" என்று பேரன் கேட்டிருந்தால், என் கை நின்றிருக்கும். பெரியவர்களை இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தயங்காமல் கேளுங்கள், உங்கள் தாத்தாக்களும் திருந்தட்டும்!