கல்லைப் பார்த்தால் சோறு கிடைக்குமா?



போன வாரம் கிளென்மார்கன் போயிருந்தேன். பனி விலகியதும் கீழே சிங்காராவும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெரிந்தன. கூட வந்தவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். நான் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஆறு சும்மா அந்த வழியில் ஓடவில்லை. நீலகிரிப் பாறையும் வடக்கே மைசூர்ப் பக்கத்துப் பாறையும் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உரசி நகர்ந்த இடம் அது. 'மாயாறு ஷியர் ஸோன்' என்பார்கள்.

அந்தச் சூட்டில் பாறை மாவு மாதிரி இழுபட்டிருக்கிறது. சப்பாத்தி மாவில் வேர்க்கடலை ஒன்றை வைத்துத் தேய்த்தால் அது உருளும் அல்லவா? பாறையில் ஃபெல்ஸ்பார் மணிகள் அப்படி உருண்டு, இருபுறமும் வால் விட்டிருக்கும். வால் சாய்ந்த விதத்தைப் பார்த்து எந்தப் பக்கம் எப்படி நகர்ந்தது என்று சொல்லலாம். குவார்ட்ஸோ இழுபடும்போது புதிய சிறு மணிகளாக மாறும். மணி எவ்வளவு பொடிசோ, அன்று இருந்த அழுத்தம் அவ்வளவு அதிகம். மைக்ரோஸ்கோப்பில் அளந்து கணக்கே போட்டுவிடுகிறார்கள்!

'பாறை மூன்று வகைப்படும்' என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். ஒரு கல்லைக்கூடக் கையில் கொடுத்ததில்லை. என் தப்புதான்.

இப்போது நம் வீட்டுப் பெண் ஜியாலஜி படிக்கிறேன் என்கிறாள். "கல்லைப் பார்த்தா சோறு கிடைக்குமா?" என்று குடும்பக் குரூப்பில் கேட்டீர்கள். கிடைக்கும். அணை, சுரங்கப்பாதை எதுவானாலும் பாறை எந்தப் பக்கம் பிளக்கும் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். யூ.பி.எஸ்.சி.யே இதற்குத் தனித் தேர்வு நடத்துகிறது.

காலேஜ் ஃபீஸ் நான் கட்டுகிறேன். யாராவது அவளுக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கிக் கொடுங்கள்.